கோல் தரை தட்டும் தண்ணீர்

தயாளன் அப்பாவுக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பொன்னியம்மாள் கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி தேவலையா? பேத்தி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் சமைக்கிற வீட்டு லாசரஸ் ஐயா கடற்படையில் இருந்தவர். கண்ணாடி அலமாரியில் பொம்மைப் போர்க்கப்பல்களை வரிசையாக வைத்திருக்கிறார். போன வாரம் நான் துடைக்கும்போது சொன்னார்: "இந்தப் பழசெல்லாம் கரைகிட்ட வந்தா தரை தட்டிடும்மா. அதான் வர வரச் சின்னதாக்கி, அடியையும் தட்டையாக்கினாங்க. கடைசில நிக்குதே, அதுக்கு அடியில சுத்துற காத்தாடியே இல்ல. தண்ணியப் பீச்சிக்கிட்டு ரெண்டு ஆள் ஆழத்துலயே வந்துடும்."

துணியைக் கீழே வைத்துவிட்டேன். "போர்க்கப்பலைக் கண்டா படகு தள்ளுற கோல் தரை தட்டுற தண்ணிக்கு ஓடிடுடா, அது உள்ள வராது" என்று நம் பிள்ளை தயாளனுக்கு நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்துகூட நான் மறக்கவில்லை. பனியில் அவன் அங்கேதான் படகோடு நின்றான். அங்கேதான் கப்பல் வந்து மோதியது. அவன் போனதிலிருந்து பதினோரு வருஷமாக உங்கள் முகம் பார்த்து நான் பேசவில்லை.

உங்கள் காலத்துக் கப்பல் உள்ளே வராதுதான். அது மாறிப்போனதை நமக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல்காரனை நான் மன்னிக்கவில்லை, அது வேறு.

அந்தக் கடைசிக் கப்பலைத் துடைக்கும்போதெல்லாம் கோல் தரை தட்டுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே எடுத்து வாருங்கள், பேசவேண்டும். ஐயா டீ கேட்கிறார்.

பொன்னியம்மாள்