இத்தா முடிய முன் இரண்டு போல்ட்

ஜூலை 14
என் கணவர் மவுத்தாகி எழுபத்துமூன்று நாள். கார் இன்னும் முற்றத்தில், ஒரு முன்சில்லு இல்லாமல் கல்லில் நிற்கிறது. அந்தச் சில்லின் பிரேக்கை இறுக்குகிற கலிப்பரைப் பிடிக்கிற போல்ட் இரண்டும் புரி தேய்ந்துவிட்டதென்று கழற்றிக்கொண்டு, புதுசு வாங்க மன்னாருக்கு பஸ் ஏறியவர். பஸ்ஸிலேயே நெஞ்சு நோவு வந்து உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தந்த இவருடைய சேட்டின் பையில் அந்த இரண்டும் கிடந்தன.

இவருடைய மூத்த நானா, வஸீர் மச்சான், இன்று வந்தார். புருசன் போனால் நாலு மாசம் பத்து நாள் பிற ஆண்களைக் காணாமல் வீட்டோடு இருக்கிற இத்தாவில் நான் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.
"இத்தா முடிஞ்சதும் காரை வித்திருவம் குல்சூம். வாங்க ஆள் பாத்திட்டன்."
"போல்ட் இல்லாத காரையா?"
"ஏதாச்சும் ஒண்டை முறுக்கிக் குடுப்பம். வாங்கிறவன் அடியில படுத்தா பாக்கப் போறான்?"
ஏதாச்சும் ஒண்டா! ஸ்கூல் பிள்ளைகள் ஏறுகிற கார் அது. பிரேக் விட்டால்?
"கார் எனக்கு வேணும். இவர் மாதிரி நானே பிள்ளையளை ஏத்தி ஓடுவன்" என்றேன்.
சிரித்தார். "பொம்புளை ஹயருக்குக் கார் ஓடுற ஊரா இது?"
லைசென்ஸ் எடுத்து மூன்று வருசம். எடுக்க வைத்ததே அவருடைய தம்பிதான். சாவி என்னிடம் இருக்கிறது.

ஜூலை 22
வெளியே போக மாட்டேன். இத்தாவை முறித்தாள் என்ற பேச்சை மச்சானுக்குக் கொடுக்க மாட்டேன். தங்கச்சி பரீனாவிடம் மாதிரிக்கு ஒரு போல்ட்டைக் கொடுத்து மன்னாருக்கு அனுப்பினேன். என் கை அதை விடவில்லை. "விடுங்க ராத்தா, பத்திரமாக் கொண்டாறன்" என்றாள்.

ஜூலை 23
வந்தது பிழை. இரண்டு சுற்றோடு இறுகிவிட்டது. பலமாக முறுக்கினால் போகும்போல — முறுக்கவில்லை.

ஆகஸ்ட் 3
இரண்டாம் தரமும் பிழை. "தேஞ்சதை வச்சு எப்பிடிப் புரி பாக்கிற?" என்று கடைக்காரர் பரீனாவை ஏசினாராம்.
நான் ஒரு மடைச்சி! மற்றச் சில்லில் நல்லது இருக்கிறதே. இவரும் தேய்ந்ததைத்தானே பையில் போட்டுக்கொண்டு போனார்? இரண்டு பேரும் ஒரே மடையர். இவர் போனபிறகு இன்றுதான் சிரித்தேன். பிறகு அழுதேன்.

ஆகஸ்ட் 12
நல்லதைக் கழற்றி அனுப்பினேன். இரண்டு வந்தது. புரியோடு புரி வைத்துப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை. நானே அடியில் படுத்தேன். இவர் செய்கிறமாதிரி ஸ்பனரில் பைப்பைச் செருகி முறுக்கினேன். கழற்றிய நல்லதையும் அதன் இடத்தில் பூட்டி, சில்லையும் மாட்டினேன். இத்தாவுக்கு உடுத்திருந்த வெள்ளை உடுப்பெல்லாம் கிறீஸ். மச்சானுக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 7
அந்தியில் மஃரிப் தொழுகையோடு இத்தா முடிந்தது.

செப்டம்பர் 8
காலை ஆறரைக்கே மச்சான் வாங்குகிறவரோடு வந்துவிட்டார். நான் காரை ஒழுங்கைக்கு எடுத்தேன். கையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். பிரேக்கை மிதித்தேன். அவருடைய சாரத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.
"அல்லாஹ்! என்ன புள்ள இது!"
கண்ணாடியை இறக்கினேன். "நல்லாப் பிடிக்குது மச்சான். விலகுங்கோ, பிள்ளையளுக்கு நேரமாகுது."
விலகினார். இவர் ஏற்றிய ஐந்து பிள்ளைகளையும் ஸ்கூலில் கொண்டுபோய்விட்டு வந்தேன்.

பின்னேரம் மச்சான் எனக்குப் போன் எடுத்தார். விற்கிற கதை இல்லை. நாளையிலிருந்து அவருடைய பேத்தியையும் ஏற்ற வேணுமாம்.
ஆறே முக்காலுக்கு ரோட்டில் நிற்கட்டும், பிந்தினால் விட்டுவிட்டுப் போவேன் என்று சொன்னேன்.