உன் காலை, எங்கள் உச்சி வெயில்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

அப்பா போன வாரம் தெருவில் மயங்கி விழுந்துவிட்டார். பதறாதே, எலும்பு எதுவும் உடையவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை. நீ அனுப்பிய வாட்ச் அவர் எவ்வளவு நடந்தார் என்று அங்கே உனக்குக் காட்டுகிறதாமே. நீ எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டு, என்னப்பா இன்னைக்கும் நடக்கலையா, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று அதட்டுகிறாய். உனக்கு அது விடிகாலை, எங்களுக்குத் தார் உருகுகிற உச்சி வெயில். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷனுக்கு உன் போன் டிப்போவிலிருந்து வரும் உத்தரவு மாதிரி, நீ வைத்த உடனே செருப்பைத் தேடுவார். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தினமும் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் மாடிக்குக் குடம் குடமாகத் தூக்குவது அவர்தான். நனைந்துவிடும் என்று வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தூக்குவார். உன் கணக்கில் அந்த நேரம் அவர் தூங்குகிறார்.

நிழலில் நடக்கலாம் என்றால் நிழல் எங்கே இருக்கிறது? கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தெரு மரங்களை வெட்டிவிட்டார்கள். பூங்காவை வெயில் ஏறியதும் பூட்டுகிறார்கள், புல் கெட்டுவிடுமாம். அன்றைக்குத் தலை சுற்றியதும் பெரிய துணிக்கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஏசி ஓடுகிறது. காவலாளி வந்து, பெரியவரே, இங்க உட்காராதீங்க, முதலாளி பார்த்தா என்னைத் திட்டுவாரு என்றானாம். எழுந்து நாலு அடி வைத்தவர் விழுந்துவிட்டார். அந்தக் காவலாளியும் பாவம், நாள் முழுக்க அதே வெயிலில் நிற்கிறவன், அவனை என்ன சொல்வது. இஸ்திரிக்காரர்தான் ஓடிவந்து நிழலுக்குத் தூக்கிப்போய், கழுத்தில் ஈரத்துணி போட்டு, ஆட்டோவில் ஏற்றினார்.

தண்ணி குடிச்சீங்களா என்று டாக்டர் கேட்டதற்கு, கிளம்பும்போது குடிக்கிற பழக்கமில்லை என்றார் உன் அப்பா. பஸ் எடுக்கும் முன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் அப்போது, குடித்தால் நடுவழியில் எங்கே இறங்கிப் போவது? ஓட்டுகிறவனுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்காதவர்கள் உண்டாக்கிய பழக்கம், வேலையை விட்டபிறகும் போகவில்லை. பிரஷர் மாத்திரையும் உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடுமாம். நடப்பதை விடக் கூடாது, ஆனால் வெயிலுக்கு முன்னால் நடக்கணும், இல்லை வீட்டுக்குள்ளேயே நடக்கணும், தாகம் எடுக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், கிறுகிறுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து வாட்ச் என் கையில் இருக்கிறது. முந்தாநாள் நீ போனில், சூப்பர்ப்பா, இப்பத்தான் வழிக்கு வந்திருக்கீங்க என்று குதித்தாயே, அது அடுப்படிக்கும் குழாயடிக்கும் மொட்டைமாடிக் கொடிக்கும் நான் நடந்த நடை. அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அதே வயதுதான், எனக்கும் பிரஷர்தான். என் நடையை எண்ண இதுவரை யாரும் எதுவும் வாங்கி அனுப்பவில்லை. கேட்டு வாங்குவதற்காக எழுதவில்லை, உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

இனிமேல் எழுந்ததும் போன் போடாதே. உன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போடு, இங்கே வெயில் தாழ்ந்திருக்கும். எவ்வளவு நடந்தீங்க என்று கேட்காதே, தண்ணி குடிச்சீங்களா என்று கேள். நீ கேட்டால் குடிப்பார், நான் சொன்னால் காதில் ஏறாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது வாட்ச் அசையவே இல்லை என்று காட்டினால் அப்பாவை அதட்டாதே. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா