மூட்டைப்பூச்சிக்கு ஒரு சுத்தியல்

பிப்ரவரி 9

என் வாண்டுக்கு,

அம்மா நலம். நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் தினமும் பேசினாலும், கடிதம் எழுதினால்தான் எழுத்து மறக்காது என்று சட்டம் போட்டுவிட்டாய். எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பாதே. போன தடவை சிவப்பு மையைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அவருக்குப் பயந்துதானே நான் நான்காம் வகுப்புக்கே போகவில்லை.

நீங்கள் மூன்று பேரும் செய்கிற சண்டை ரோபோவுக்கு எந்த ஆயுதம் வைக்கலாம் என்று கேட்டு மூன்று படம் போட்டிருந்தாய். பல் வைத்த உருளை சுற்றிச் சுற்றிக் கடிக்கிறது. ஒரு கை அடியில் நுழைந்து எதிராளியைத் தூக்கிக் கவிழ்க்கிறது. மூன்றாவது சுத்தியல், தலையில் போடுகிறது. இதைப் போய் என்னிடம் கேட்கிறாயே. சோபா கடையில் பகலெல்லாம் ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? சுத்தியல் வை. ஓங்கி ஒரே போடு.

அதற்கு மூட்டைப்பூச்சி என்று பேர் வைத்திருப்பதை எங்கள் முதலாளி காதில் போட்டுவிடாதே. அப்புறம் சோபா வாங்க யார் வருவார்கள்?

உன் அம்மா


பிப்ரவரி 20

அம்மா,

சுத்தியல் மாட்டியாச்சு. என் அறைத்தோழி நெட்டை உனக்கு இன்ஜினியர் பட்டமே கொடுத்துவிட்டாள். நேற்று ஒரு தகரப் பெட்டியை அடித்துப் பார்த்தோம். பெட்டி காலி. பக்கத்தில் எங்கள் மூன்றாவது ஆள் சோடாபுட்டி வைத்திருந்த டீயும் காலி. அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைத் திட்டினான்.

போன வருடம் முதல் சண்டையிலேயே உதை வாங்கித் திரும்பினோம். இந்தத் தடவை ஒன்றே ஒன்றாவது ஜெயிக்க வேண்டும், எனக்கு அது போதும். ஏப்ரலில் போட்டி. கடையில் இப்போதே லீவு சொல்லிவை, நீ முன் வரிசையில் உட்கார வேண்டும்.

லேசாகக் காய்ச்சல். மாத்திரை போட்டுவிட்டேன். திட்டாதே.

உன் வாண்டு


ஏப்ரல் 2

வாண்டு,

நீ இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். லேசான காய்ச்சல் என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. மனம் விட்டு அழுதுவிடு என்று கடையில் எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணீர் கண்ணை மறைத்தால் அடி ஆணியில் விழாது, விரலில் விழும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நெட்டையும் சோடாபுட்டியும் மூட்டைப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். போட்டிக்கு முன்னால் நான் பார்க்க வேண்டுமாம். கூடத்தில் வைத்துச் சுத்தியலை இயக்கினார்கள். அடித்த அடியில் அதுவே பின்னால் துள்ளி உட்கார்ந்தது. மறுபடி ஓங்குவதற்குள் நான் ஒரு தலையணைக்கு உறை போட்டுவிடுவேன்.

"ஏம்ப்பா, இது ஜெயிக்குமா?" என்று கேட்டேன்.

நெட்டை குனிந்து சுத்தியலை நிமிர்த்தி வைத்தாள்.

"பாக்கத்தான் பந்தா ஆன்ட்டி," என்றான் சோடாபுட்டி. "ஒரு அடி ஒழுங்கா பட்டாலே அதிர்ஷ்டம்."

"அவளுக்குத் தெரியுமா இது?"

"முத நாளே தெரியும். அவதான் எங்களுக்கே கணக்குப் போட்டுக் காட்டினா."

"அப்புறம் எதுக்கு மாட்டினா?"

"'எங்கம்மா சொல்லிட்டாங்க, இனிமே பேச்சே இல்ல'ன்னுட்டா," என்றாள் நெட்டை. "நாங்களும் கழட்ட மாட்டோம்மா. தோத்தா தோத்துட்டுப் போறோம். அவ வச்சது."

"வச்சது அவ. வைக்கச் சொன்னது நான். அவளுக்கு ஒண்ணாவது ஜெயிக்கணும். அந்த ஸ்பானரக் குடு."

நானே கழற்றினேன். சுத்தியலை எடுத்த பிறகு பார்த்தால் ரோபோவின் சட்டத்தில் இன்னும் ஓட்டைகள். இது உருளைக்கு, இது தூக்குகிற கைக்கு என்று நெட்டை விரல் வைத்துக் காட்டினாள். யார் மனமும் நோகாமல் மூன்றுக்கும் இடம் வைத்திருக்கிறாய். உருளைதான் தயாராகக் கிடக்கிறது என்றார்கள். அதையே மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா


ஏப்ரல் 13

என் வாண்டு,

ஜெயித்தோம். ஒன்றே ஒன்று, நீ கேட்ட மாதிரி.

முன் வரிசையில்தான் உட்கார்ந்தேன். நம் உருளை எதிராளியின் சக்கரத்தைக் கடித்துப் பிடுங்கி எறிந்ததாம். நான் பார்க்கவில்லை, கண்ணை இறுக்க மூடியிருந்தேன். பத்து எண்ணியும் அது நகரவில்லை என்றதும் நெட்டை என்னை அப்படியே தூக்கிவிட்டாள். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

அந்த ஆட்டத்திலேயே உருளையைச் சுழற்றும் பெல்ட் அறுந்துபோனது. மாற்று இல்லாமல் நம் பிள்ளைகள் இரண்டும் விழித்துக்கொண்டு நின்றன. நம்மிடம் தோற்ற பிள்ளைகளே வந்து தங்கள் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். "எங்களுக்கு இனிமே இது எதுக்கும்மா, நீங்க ஆடுங்க," என்றான் ஒரு பையன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் மசகு. அதைக் கழுவவே மனமில்லை.

அடுத்த சண்டையில் நம்மை நசுக்கிவிட்டார்கள். "மூட்டைப்பூச்சிக்கு ஏத்த சாவு," என்று சொல்லிவிட்டுச் சோடாபுட்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

சுத்தியல் என் அலமாரியில் இருக்கிறது. சோபா ஆணிக்கு லாயக்கில்லை, அடித்தால் சோபாவே பிளந்துவிடும். உங்கப்பா ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதில்லை, முதலாளியும் கேட்பதில்லை. தப்பு என்று தெரிந்தே நீ கேட்டிருக்கிறாய். அந்தச் சுத்தியலைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது. இந்த இரண்டு பிள்ளைகளையும் எனக்கு விட்டுப் போனதற்கும்தான்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது வண்டியில் ஒரே சண்டை. "அவளுக்குத் தூக்குற கைதான் பிடிக்கும்," என்கிறாள் நெட்டை. "உனக்கென்ன தெரியும், அவ மனசுல உருளைதான்," என்கிறான் சோடாபுட்டி. கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். மூட்டைப்பூச்சி என் மடியில் கிடந்தது. மூன்று இடத்து ஓட்டைகளையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன.

அன்றைக்கு நீ கேட்டதும் நான் சுத்தியல் என்றேன், நீயும் சரி என்றுவிட்டாய். இப்போது நான் கேட்கிறேன். சொல்லு வாண்டு, உனக்குப் பிடித்தது எது?