பின்வளவில் இந்த வருடத்து ஐஸ்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
ஜனவரி 9

அன்புள்ள கிறிஸ்ரியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகம் நீங்கள் சொன்னால்தான் தெரியும். போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "ஓம், ஓம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள். றொனால்ட் அண்ணை நாளன்றைக்கு மன்னாருக்குப் போகிறார். பேசாலைக்கு வந்து உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசித்தீர்களா என்று அவரிடம் கேட்பேன், ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவை அடக்கம் செய்யவென்று போனீர்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிய வருவேன் என்றீர்கள். பிறகு மதில் கட்ட வேண்டும் என்றீர்கள். அந்த மதில் கட்டி முடிந்து, நீல நிறம் பூசி, உங்கள் தம்பி பிரவீணன் அதைப் படம் எடுத்தும் போட்டுவிட்டான். வடிவாக இருக்கிறது. இனி என்ன வேலை மிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. சனம் கேட்டால், முதுகு நோவுக்கு ஊரில் எண்ணெய் வைத்தியம் நடக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். டொக்டர் உங்கள் தாளில் எழுதிய வருத்தத்தின் பெயரை நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்கள் அக்காவுக்கும் முதுகு நோதான்.

இங்கே பெரிய குளிர் தொடங்கிவிட்டது. கிறிஸ்ரி பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதல் குசினி யன்னலில் இருக்கும் வெப்பமானியைத்தான் பார்க்கிறாள். குளிர் வந்தவுடன் பின்வளவில் நீங்கள் தண்ணீர் விட்டு உறைய வைத்து ஐஸ் போடுவீர்கள், அவள் சறுக்குவாள். அவளுக்குப் பத்து வயது, அவளுக்குத் தெரிந்த பனி மாரிக்காலம் எல்லாம் அதுதான். முதல் கிழமை, "அப்பா வராமல் ஐஸ் போடக்கூடாது" என்று எனக்குச் சட்டம் போட்டாள். இரண்டாம் கிழமை, "அப்பா வரேக்கை குளிர் போயிட்டுதெண்டா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். சரி, நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கரைச்சல் என்று தெரிந்தது. சாமான் அறைக்குள் இருந்து பலகைகளை இழுத்து எடுத்துச் சதுரமாக வைத்து, மூலைக்கு மூலை ஆணி அடித்து, உள்ளே அந்த நீலத் தறப்பாளை விரித்தோம். அதைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த நினைவு வந்துவிடும். இது ஐஸுக்கான தறப்பாள், அது வேறை என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த முறை அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளவு பக்கத்து வீட்டு நோர்வேக்காரி உன்னியின் பக்கமாகச் சரிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம் போய்க் குளமாக நின்றது.

நான் செய்த பிழையைக் கேளுங்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக விட்டுவிட்டேன். மேலே தோல் மாதிரி உறைந்தது, அடியில் தண்ணீர். கிறிஸ்ரி ஒரு காலை வைக்க, முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. அதை எல்லாம் உடைத்து, பிறகு தோசைக்கு மா ஊற்றுவது மாதிரி மெல்லிசு மெல்லிசாக விட்டேன். ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. குழாயைக் குளிக்கும் அறைக்குள் சுருட்டி வைக்கிறேன், வெளியில் விட்டால் உள்ளே உறைந்து தடி மாதிரி ஆகிவிடுகிறது. முதியோர் இல்லத்து வேலையால் வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் குழாயோடு நிற்கிறேன். இத்தனை வருடமாக உங்களைப் பார்த்து, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிறார் என்று பகிடி பண்ணினேன். இப்போது உன்னி யன்னலால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறா.

உறுதியான ஐஸ் வர இன்னும் கொஞ்ச நாள் செல்லும். அதற்கு முதல் நீங்கள் வந்துவிட்டால் மிச்சத்தை உங்களிடம் தந்துவிட்டு நான் படுத்துவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மடு மாதா உங்களோடு இருப்பா.

உங்கள்
இமெல்டா


எல்லிங்ஸ்ருட்
ஜனவரி 30

அன்புள்ள கிறிஸ்ரியின் அப்பாவுக்கு,

கடிதத்தை உங்கள் கையில் தந்ததாக றொனால்ட் அண்ணை சொன்னார். மெலிந்து போய்விட்டீர்களாம், தாடி வளர்த்திருக்கிறீர்களாம். வாசித்தாரா என்று கேட்டேன், சட்டைப் பைக்குள் வைத்தார் என்றார். பரவாயில்லை. இதைத் தபாலில் அனுப்புகிறேன். இதையும் சட்டைப் பைக்குள் வைத்துவிட வேண்டாம். இதில் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஐஸ் வந்தது. வந்தது என்றால், நீங்கள் போட்ட எந்த வருடத்து ஐஸுக்கும் குறைவில்லை. சின்னச் சின்ன வெடிப்புகளைப் பனியும் தண்ணீரும் குழைத்து அடைத்தேன். சறுக்கி முடிந்ததும் மேலே சுடுதண்ணீர் தெளித்து வழவழப்பாக்கினேன். கிறிஸ்ரி பின்பக்கமாகச் சறுக்கப் பழகிவிட்டாள். வீடியோ அனுப்பினேன், நீங்கள் பார்த்ததாகப் போன் காட்டுகிறது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். அவள் அன்றைக்கு முழுக்க என்னுடைய போனைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

உங்கள் அக்கா புளோறன்ஸ் மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய புருசெத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறா. தம்பி இல்லாத வீடு என்று இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவா, கூடவே எனக்கு இரண்டு குறையும் கொண்டு வருவா. பாவம், நல்ல மனுசி. அப்படி ஒரு ஞாயிறு, உன்னி வேலிக்கு மேலால் எட்டி, பிள்ளை சறுக்குவதைப் பார்த்து, கெட்டிக்காரி கெட்டிக்காரி என்று கையைத் தட்டினா. மச்சாளின் முகம் அப்போதே மாறிவிட்டது. "கண்ணூறு பட்டிடும் பிள்ளை, அவளின்ர நீலக் கண்ணைப் பாத்தனியே" என்று என்னை உள்ளே இழுத்தா. தன் தம்பி பிலேந்திரனுக்கு வந்த முதுகு நோவும் இப்படி ஆருடையவோ கண்தான் என்று அவவுக்கு முடிந்த முடிவு. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் உண்மையையும் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில், நான் குசினியில் நிற்கும் நேரமாகப் பார்த்து, பிள்ளைக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றியிருக்கிறா. ஊரில் என்றால் அதை அடுப்பில் போடுவோம். இங்கே ஒரு மிளகாய் கருகினால் வீட்டு அலாரம் அலறும், போன வருடம் அவவின் தொடர்மாடியில் தீயணைப்பு வண்டியே வந்தது. அதனால் உப்பைக் கை நிறைய அள்ளிச் சுற்றி, சுடுதண்ணீரில் கரைத்து, வெளியில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறா. எங்கே தெரியுமா? ஐஸின் மூலையில், உன்னியின் பக்கம், பனி குவிந்து கிடந்த இடத்தில்.

உப்புத் தண்ணீர் ஐஸை என்ன செய்யும் என்று பேருந்து ஓட்டின உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரோட்டுக்கு உப்புப் போட்டால்தான் நீங்கள் வண்டியை எடுப்பீர்கள். அந்த மூலை உள்ளுக்குள் அரித்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அதற்கு மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டது. எங்களுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை பிள்ளை பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போனாள். சறுக்குச் சப்பாத்தின் கத்தி புதைந்தது. விழுந்த சத்தம் குசினிக்குள் கேட்டது.

இடது மணிக்கட்டில் எலும்பு வெடித்திருக்கிறது. நாடியில், உதட்டுக்குக் கீழே, தையல். பெரிய ஆபத்து இல்லை, பயப்பட வேண்டாம். கட்டுப் போட்டிருக்கிறார்கள், பச்சை நிறம் அவள் கேட்டு வாங்கியது.

மறுநாள் மச்சாள் வந்து பிள்ளையின் கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தானாகவே சொல்லிவிட்டா. "கால் படாத இடத்திலை ஊத்த வேணும் பிள்ளை, அதுதானே முறை. முன்னுக்கு எல்லாம் சனம் நடக்குது. அந்த மூலையை ஆர் மிதிக்கப் போகினம் எண்டு நினைச்சன்" என்று தலையில் அடித்து அழுதா. எனக்கு ஏச வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவவும் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துதான் இதைச் செய்திருக்கிறா. எல்லாரும் அதே பயத்தில் ஒவ்வொன்று செய்கிறோம். நான் முதுகு நோ என்கிறேன், அவ உப்புச் சுற்றுகிறா.

வைத்தியரிடம் காத்திருக்கும்போது பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாக்குச் சொல்லாதேங்கோ அம்மா, அவருக்குக் கவலை வந்தா இன்னும் வரமாட்டார்" என்றாள். பத்து வயதுப் பிள்ளை. அவள் சொல்ல வேண்டாம் என்றதை நான் உங்களுக்கு எழுதுகிறேன். எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் மேல் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஆனால் உங்கள் மேலும்தான்.

அந்த மூலையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

உங்கள்
இமெல்டா


எல்லிங்ஸ்ருட்
பெப்ரவரி 27

அன்புள்ள கிறிஸ்ரியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்ததும் நீங்களாகவே போன் எடுத்தீர்கள். நீங்கள் பிள்ளையின் கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். மிச்ச நேரம் முழுக்க வெளிக்குழாயை உள்ளே இருந்து பூட்டினேனா, தண்ணீரை வடிய விட்டேனா, இல்லாவிட்டால் குழாய் வெடித்துச் சுவருக்குள் தண்ணீர் போகும் என்றுதான் சொன்னீர்கள். பூட்டியிருக்கிறேன். வடிய விட்டிருக்கிறேன். உங்களுக்கு வேறு எதையும் கதைக்க வரவில்லை என்று எனக்கு விளங்கியது.

பிறகு கிறிஸ்ரி போனைப் பறித்து, எப்ப வருவீங்கள் என்று கேட்டாள். நீங்கள், அடுத்த கிழமை என்றீர்கள்.

அந்தச் சொல்லை ஏன் கொடுத்தீர்கள்? பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குச் சொன்னாள். உன்னிக்குச் சொன்னாள். ஒற்றைக் கையால் பனி அள்ளும் சவளைப் பிடித்து, ஒவ்வொரு நாளும் ஐஸைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருந்தாள். கட்டோடு சறுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் ஒரு தரம்கூட அதில் ஏறவில்லை. உங்களுக்காக வைத்திருந்தாள்.

அந்தக் கிழமை போனது. நான் போன் எடுத்துக் கேட்டேன், அடுத்த கிழமை என்றீர்கள். நானும் அவளிடம் அடுத்த கிழமை என்றேன். பள்ளிக்கூடத்து மாரி விடுமுறை வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் மலைப்பக்கம் போய்விட்டார்கள், ட்வெய்ட்டாவுக்குப் படம் பார்க்கக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். நீங்கள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். விடுமுறையின் நடுவில் மழை தொடங்கியது. ஐஸுக்கு மேல் தண்ணீர் நின்றது. சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய், மழைக்குள் நின்று அதை இறைத்தாள். நான் போய் உள்ளே வா என்றேன். அவள் இறைப்பதை நிறுத்தவில்லை. நானும் இன்னொரு சட்டியை எடுத்துக்கொண்டு இறைத்தேன். வேறு என்ன செய்வது.

முந்தாநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, வெப்பமானியைப் பார்க்காமல் நேரே பின்வளவுக்குப் போனாள். பலகைகளைத் தானே கழற்றி அடுக்கினாள். தறப்பாளை இழுத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நாளுக்குப் பத்துத் தரம் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வரும். இப்போது கேட்காமல் இருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. பிரவீணனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான், பிறகு சொல்லிவிட்டான். பகல் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறீர்களாம், வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறதாம், பாதர் வந்து கதைத்தும் கண் திறக்கவில்லையாம். கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நேற்று மச்சாளிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதுகு இல்லை மச்சாள், மனம் என்றேன். டொக்டர் எழுதிய பெயரையும் சொன்னேன். மச்சாள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினா. பிறகு, "என்ர தம்பி சாகாமல் இருந்தாக் காணும்" என்றா. எனக்கும் அதுவே போதும். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், வந்து ஏசுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்காக அவளிடம் அடுத்த கிழமை என்று சொல்ல இனி என்னால் முடியாது. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். வருகிறேன் என்றால் நாளைக் குறித்து எழுதுங்கள். என்னால் எழும்பக்கூட முடியவில்லை என்றால் அதையே எழுதுங்கள். முடியாது என்பதை அவள் விளங்கிக்கொள்வாள், உங்கள் பிள்ளை. அந்த ஒரு வரி வந்தால் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பேசாலைக்கு வருவேன். உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவது என் வேலை. ஏலாது என்று சொல்வது மட்டும் உங்கள் வேலை.

இதை எழுதி முடித்துவிட்டு, கீழே நீயும் ஒரு வரி எழுது என்று கிறிஸ்ரியிடம் பேனாவைக் கொடுத்தேன். வாங்கினாள். கதிரையில் ஏறி இருந்தாள். பிறகு, "நீங்களே எழுதுங்கோ அம்மா, எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை" என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

மடு மாதா உங்களை நித்திரையிலும் விழிப்பிலும் காக்கட்டும். இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு எழுதுங்கள்.

உங்கள்
இமெல்டா