பற்றறி இறங்கிய பிறகு வருகிறவர்கள்

என்ரை அண்ணை,

எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்க வழியில்லை. நான் களைத்துப்போய் இருக்கிறேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன கிழமை குருநகரில், எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் காசநோய்ப் பரிசோதனை. நீங்கள் திருத்தித் திருத்தி ஓடவைத்த அந்தக் கையில் தூக்கும் எக்ஸ்ரே பெட்டியைத்தான் கொண்டுபோனேன். புதிது வரும் வரும் என்கிறார்கள். எங்கே வருகிறது?

எங்கடை சனத்தை உங்களுக்குத் தெரியும். இருமலே இல்லாதவர்கள் காலையிலேயே வந்து சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உண்மையில் பயப்படுகிறவன், மண்டபம் வெறிச்சோடிய பிறகு பதுங்கிப் பதுங்கி வருவான். அதற்குள் பெட்டியின் பற்றறி இறங்கியிருக்கும். நல்ல படம் சுகமாக இருக்கிறவனுக்கு, அரைகுறைப் படம் நோயாளிக்கு. இது என்ன நியாயம்?

அன்று கடைசியாக வந்தது எங்கள் தம்பி யூட். கடலுக்குப் போகிறவன், இப்போது எலும்பும் தோலும். மாதக்கணக்காக இருமிக்கொண்டே நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினான். நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? ஊருக்கெல்லாம் எக்ஸ்ரே பெட்டி திருத்தினவர், நேரத்தோடு அதற்கு முன்னால் நெஞ்சைக் காட்டவில்லை. கடைசியில் காட்டியபோது இரண்டு நுரையீரலும் போய்விட்டிருந்தன.

பொத்தானை அழுத்தினேன். கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பெட்டி நின்றுவிட்டது.

"சரிவராது போல. நான் பிறகு வாறன் அக்கா." திரும்பப் போடச் சட்டையை எடுத்துவிட்டான்.

"இரடா! கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்." சார்ஜரைச் செருகினேன்.

"ஏன் நிண்டிட்டுது?"

பேச்சை விட்டால் ஓடிவிடுவான் என்று பயந்து, காரணத்தை விளக்கத் தொடங்கினேன். பற்றறி மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. ட்ரான்ஸ்போமரால் அதன் மின்னழுத்தத்தை அப்படியே கூட்ட முடியாது. பெட்டிக்குள்ளே இருக்கும் இன்வேர்ட்டரின் ட்ரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னுமாக மாற்றுகின்றன. அவ்வளவு வேகமாக மாறுவதால் சின்ன ட்ரான்ஸ்போமரே போதும், பெட்டியையும் கையில் தூக்கலாம். அப்படிக் கூட்டிய மின்னழுத்தத்தை மறுபடி ஒரே திசையாக்கி எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுத்தால் கதிர் பிறக்கும். அந்தக் கணத்தில் பற்றறி பெரிய இழுவையைத் தாங்கவேண்டும். தாங்காமல் சரிந்தால், ட்ரான்சிஸ்டர்கள் எரியாமலிருக்க இன்வேர்ட்டர் தானே நின்றுவிடும்.

"அப்ப என்ரை போட் பற்றறியைக் கழட்டிக்கொண்டு ஓடிவாறன்."

உதவிக்குச் சொன்னானோ, தப்பிப்போகச் சொன்னானோ, எனக்கு இன்னும் தெரியாது. "உது இதுக்குச் சரிவராது. பேசாமல் இரு!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதை அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கும்தான் பயம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். படம் வந்தது. வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சளிப் பரிசோதனையும் காசநோய்தான் என்று சொல்லிவிட்டது. சின்னத் திட்டுத்தான் அண்ணை, மருந்தால் மாற்றிச் சுகப்படுத்தலாம் என்கிறார் டொக்டர். ஆறு மாதம் குளிசை, ஒருநாள்கூட விடக்கூடாது.

முதல் நாளே "நாளைக்குப் போடுறன்" என்றான். முன்னால் நின்று விழுங்கவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இனி ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போவேன்.

அங்கே நீங்கள் தனியே இருப்பீர்கள், தெரியும். கோவிக்காதேங்கோ அண்ணை, இவனை இப்போதைக்கு உங்களிடம் அனுப்பமாட்டேன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த
தங்கச்சி