கையெட்டும் தூரம்

ஜூன் 10, 2024

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இயற்பியலில் முதுகலை முடித்தவன் நான். இந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட தசரதன் இன்று எனக்கு மேலாளர். கூட்டத்தில் சொல்கிறான்: “ஊரடங்குல இந்தப் பொண்ணுங்க போனை நோண்டியே கண்ணைக் கெடுத்துக்கினு வந்துதுங்க. கண்ணாடி போட்டதுங்கள செக்கிங் டேபிள்ல வைக்காதீங்க. வெள்ளிக்கிழமை கண் டெஸ்ட். ஃபெயில்னா காண்ட்ராக்ட் கட்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. பேசவும் இல்லை.

ஜூன் 12

கம்பெனி பஸ் வந்தால் முத்துச்செல்வி நகரமாட்டாள். மரகதம்தான் கையைப் பிடித்து ஏற்றுவாள். “இன்னாடி, பஸ்ஸு உன் மேல ஏறினாத்தான் நம்பர் தெரியுமா?” மரகதம் கூட வேலை செய்பவள், பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரி. வாய் அதிகம்.

முத்துச்செல்வி தூத்துக்குடிப் பக்கம் ஏரலிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவள். செக்கிங் டேபிளில் உட்கார்ந்தால் உதிரிபாகத்தில் மயிரிழைக் கீறலையும் பிடித்துவிடுவாள். பஸ் நம்பர் ஏன் தெரியவில்லை என்று இன்று கேட்டேன்.

“டிப்ளமோ முச்சூடும் அம்மா போன்லதான் படிச்சேன் சார். ஊரடங்கு முடிஞ்சு வெளிய வந்தா, எதுத்த வீட்டு அத்தை மூஞ்சி கலங்கலாத் தெரியுது.”

“கண்ணாடி போட்டால் என்ன?”

“டேபிள விட்டு எடுத்துருவாவளே.”

அவள் வேலை கையெட்டும் தூரத்தில். அங்கே அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கண் டெஸ்டுக்குச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை வைத்து இவளை வீட்டுக்கு அனுப்புவார்களா?

ஜூன் 14

காலையில் டெஸ்ட் முடித்த பெண்கள் பலகையின் இங்கிலீஷ் எழுத்துகளை ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். முத்துச்செல்வி அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றாள். மதியம் நர்ஸ் தமிழ்ப் பலகையை மாட்டியிருந்தார். இவள் கணீரென்று இங்கிலீஷ் எழுத்துகளை ஒப்பித்தாள். அறையே சிரித்தது.

“இன்னாத்துக்கு இளிக்கிறீங்க? உங்கூட்டுப் பொண்ணுன்னா சிரிப்பீங்களா?” — மரகதம்.

முத்துச்செல்வி திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாமாம்.

ஜூன் 15

முத்துச்செல்வி, மரகதம் இரண்டு பேரையும் படப்பையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். முத்துச்செல்வி கண்ணாடியைப் போட்டதும் என்னையே பார்த்தாள்.

“சார், உங்களுக்கு இம்புட்டு நரையா!”

மரகதம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீங்க எப்பமும் மொறச்சிக்கிட்டே இருப்பியன்னு எல்லாரும் சொல்லுவாவ. எனக்கு நீங்க சிரிக்கிற மாரிலா தெரிஞ்சிச்சு” என்றாள் முத்துச்செல்வி.

வெளியே போய் ஷேர் ஆட்டோவைத் தேடுவதுபோல் நின்றேன்.

ஜூன் 17

தசரதன் அறைக்குப் போனேன். அவன் மேலாளரான பிறகு இதுதான் முதல் முறை. முத்துச்செல்வி கண்ணாடியோடு வாசலில் நின்றாள். “பலகையை விடு. பார்ட்ஸைக் கொடுத்துப் பார்” என்றேன். கொடுத்தான். அவன் தேறியது என்று வைத்திருந்த பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கீறலைக் காட்டினாள்.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே சார்” என்றான்.

இன்னும் சார் என்கிறான்.

ஜூன் 18

டேபிளில் இருக்கிறாள். கண்ணாடியோடு.

ஜூன் 23

இந்த வாரம் டேபிளில் இன்னும் மூன்று பெண்கள் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தார்களாம். பக்கத்துக் கம்பெனிகளில் எத்தனை பைகளோ.

ஒரகடம் தொழிலாளர் முகநூல் குழுவுக்காக இதையெல்லாம் தொகுத்து எழுதினேன். முதலில் அதிலிருந்து முத்துச்செல்வி பெயரை நீக்கினேன். கண்ணாடி போட்டது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றிருக்கிறாள். பிறகு தசரதன் பெயரை. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியில் பார்த்தால், என் பெயருக்கும் அங்கே வேலை இல்லை.

பெயர் போடாமலே பதிவிடப்போகிறேன்.