நாளைக்கு என்று சொன்ன சாவி

இன்று காலை வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். விரலில் பித்தளை வாடை ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாளெல்லாம் அரத்தால் சாவி ராவியவளே, எத்தனை சோப்புப் போட்டாலும் இந்த வாடை போக மாட்டேன் என்கிறதடி.

ஒருநாள் கண் வீங்கி வேலைக்கு வந்தேன். "கதவு இடிச்சிருச்சு" என்றேன். நீ அரத்தைக் கீழே வைத்தாய். "கதவுக்குக் கை மொளச்சிருக்கா? எங்க வீட்டுலயும் அதே கதவுதான்டி" என்றாய். இருவரும் சிரித்தோம். நம் இரண்டு பேரின் புருஷன்மாரும் அடிக்கிறவர்கள் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம்.

காயம் வெளியே தெரிந்துவிடும் என்று உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான் உன் புருஷன். அந்தப் பூட்டு நீ செய்தது. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒருநாள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒரு சாவி ராவிக் குடுடி. செத்த நேரம் கெடச்சாப் போதும், அம்மா ஊருக்கு பஸ் ஏறிருவேன்."

பூட்டுக்கு உரியவர் கேட்காமல் இரண்டாவது சாவி போடக்கூடாது என்பது பட்டறைக் கட்டுப்பாடு. "முதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிரும்டி. நாளைக்குப் பாப்போம்" என்றேன். பாவி நான்! உரியவன் அவன் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

மறுநாள் உன்னைப் பிணமாகத்தான் வெளியே தூக்கினார்கள். உடம்பெல்லாம் பழைய காயமாக இருக்கிறதே என்று போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். உன் புருஷனும் என் புருஷனும் பக்கத்தில் நின்றார்கள். "கதவு இடிச்சிருக்கும் சார்" என்றேன்.

அதற்குப் பிறகும் ஏழு வருடம் நான் அடிவாங்கினேன். கடைசியில் கோர்ட் ஏறி, "கதவு இல்லீங்க, எம் புருசன்தான் அடிச்சான்" என்றேன். "இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்று அவன் வக்கீல் மடக்கினார். நான் உன்னைச் சொல்ல ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "அது இந்தக் கேசுல வராதும்மா." எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. உன் புருஷன் அடித்துத்தான் நீ செத்தாய் என்று எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. இனி ஏறவும் போவதில்லை.

நீ செத்த மறுவாரம் அந்தச் சாவியை ராவி முடித்தேன். நீ செய்த அந்தப் பூட்டு எனக்கு மனப்பாடம். தாலி கிடந்த கழுத்தில் இப்போது அதுதான் கிடக்கிறது. என்ன சாவி என்று கேட்பவர்களிடம் உன் பேரைச் சொல்லி, நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்கிறேன். அடிபட்டு என் வாசலுக்கு வருகிறவளிடம், நாளைக்குப் பார்ப்போம் என்று மட்டும் சொல்வதில்லை.